உயிரணு கால் ஊன்றும் இடம்

உடலுக்குள் வைக்கப்படும் ஓர் அந்நியப் பொருளின் மேல் உயிரணுக்கள் ஒரு வேளை படிந்து பரவிப் பெருகுவதும், மற்றொரு வேளை ஒட்டாமல் உருண்டு திரண்டு மடிவதும் எதனால் என்ற கேள்விக்கு, சென்ற நூற்றாண்டின் தொடக்கம் முதல் உயிரியலாரும் ரசாயன சாஸ்திரிகளும் உலோக நிபுணர்களும் மாறி மாறி விடை சொல்லி வந்திருக்கிறார்கள். முறிந்த எலும்புக்கு டைட்டானியம் திருகு, தீயில் வெந்த தோலுக்கு மாற்றாக ஒரு சவ்வு, அடைபட்ட இருதயக் குழாய்க்கு ஒரு கம்பி வலை என்று வைத்தியர் எதை உள்ளே வைத்தாலும், அதன் விலையையும் எடையையும் உயிரணு விசாரிப்பதில்லை. தன் அடியில் தட்டுப்படும் சில நானோமீட்டர் கனமுள்ள மேற்பரப்பைத்தான் அது அறியும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. (இந்தக் கருத்துக்கு ஒரு திருத்தம் பின்னர் வரும்.) 1993-இல் லாங்கர், வகாந்தி என்னும் இருவர் எழுதிய கட்டுரைக்குப் பின் திசுப் பொறியியல் தனித் துறையாக நிலைபெற்றபோது, அந்த மேற்பரப்பை வேண்டியபடி மாற்றியமைப்பதே அத்துறையின் பாதி வேலையாயிற்று.

ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. ஆகையால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது; தைலக்காப்புத்தான். நீர் பட்டால் சேதமுறக்கூடிய ஒரு திருமேனியை மேற்பூச்சு ஒன்றினால் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் அந்த ஏற்பாட்டில், உள்ளே இருக்கும் பொருள் வேறு, வெளியுலகம் தொடுகிற பொருள் வேறு என்ற உணர்வு தெளிவாக இருக்கிறது. செயற்கை உறுப்புகளின் சரித்திரத்தில் இவ்வுணர்வு தாமதமாகவே வந்தது. வந்த பிறகும் ஒரு பெரிய வேறுபாடு மிஞ்சியது. கோயிலில் சாத்தும் காப்பின் சேர்மானம் என்ன, அது எத்தனை நாளில் உலரும் என்பதெல்லாம் சாத்துபவர்களுக்குத் தெரியும். உடலிலோ, நாம் எதைப் பூசி அனுப்பினாலும், இரத்தம் பட்ட சில விநாடிகளில் உடல் தன் சொந்தக் காப்பு ஒன்றை அதன் மேல் பூசிவிடுகிறது. அந்தக் காப்பின் சேர்மானமும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. இங்கே பரிசீலிக்கப்படும் விடைகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டாவது காப்பைக் கணக்கில் கொண்ட அளவுக்கே நிலைத்து நின்றன என்பது என் அபிப்பிராயம்.

சிலந்தி நூலிலிருந்து பெட்ரித் தட்டு வரை

1907-இல் ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்க உயிரியலார் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கு ஒன்றை உறைந்த நிணநீரில் வைத்து, உடலுக்கு வெளியே நரம்பிழை நீளுவதைக் கண்ணாரக் கண்டார். 1914-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவர் சிலந்தி வலையின் நூல்களைத் தாங்கலாகக் கொடுத்துப் பார்த்தபோது, அணுக்கள் நூலைப் பற்றிக்கொண்டு அந்த நூலின் போக்கிலேயே நீண்டன. பற்றுவதற்குத் திடப்பொருள் ஒன்று இருந்தாலொழியப் பல அணுக்கள் நகரவும் மாட்டா என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. பால் வைஸ் என்பவர் 1930-களிலும் 40-களிலும் அதை விரிவாக்கி, தொடும் தரையின் வரிகளே அணுவை வழிநடத்துகின்றன என்ற கொள்கையாக அமைத்தார்.

ஆயினும் கண்ணாடித் தட்டுகளின் இடத்தைப் பாலிஸ்டைரீன் தட்டுகள் பிடித்த பிறகுதான் மேற்பரப்பு என்பது ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பிரச்சினையாயிற்று. பாலிஸ்டைரீன் தண்ணீரை வெறுக்கும் பிளாஸ்டிக். அதன் மேல் இளஞ்சிவப்பான வளர்ப்பு ஊடகத்தில் ஒரு துளியை விட்டால், தாமரை இலைத் தண்ணீர் அளவுக்கு இல்லாவிட்டாலும், குவிந்து நிற்கும். அதில் மிதக்கும் நார்த்திசு அணு தட்டைத் தொட்டும் தொடாமலும் உருண்டையாகவே கிடந்து, தட்டைச் சாய்த்தால் திரவத்தோடு போய்விடும். அதே தட்டை, குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளிரச் செய்த வாயுவுக்குள் சற்று நேரம் வைத்தெடுத்தால் கண்ணுக்கு யாதொரு மாறுதலும் தெரியாது. ஆனால் மேற்புறத்தில் ஆக்ஸிஜன் ஏறிய ரசாயனக் குழுக்கள் முளைத்திருக்கும், துளி படர்ந்து விரியும், உருண்டையாய் இறங்கிய அணு சிறிது நேரத்தில் விளிம்பிலிருந்து விரல் போன்ற மெல்லிய இழைகளை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்து, பிறகு கல்லில் வார்த்த தோசை மாவைப் போல் தட்டையாகப் பரவிவிடும். இன்று உலகெங்கும் புழங்கும் வளர்ப்புத் தட்டுகள் இவ்வகைச் சிகிச்சை பெற்றவையே. 1975-இல் ஆம்ஸ்டைன், ஹார்ட்மன் இருவரும் இம்முறையை விளக்கி எழுதினார்கள். அது பலித்தது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஏன் பலித்தது என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

ஈரத்தின் அளவு

முதலில் செல்வாக்குப் பெற்ற விளக்கம் மிக எளியது. தண்ணீருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எதுவோ அதுவே உயிரணுவுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றும், ஆகவே துளியின் விளிம்பு தரையோடு அமைக்கும் தொடுகோணத்தை அளந்தாலே போதுமென்றும் அது கூறிற்று. ராபர்ட் பேயர் மேற்பரப்பின் ஆற்றலையும் அதன் மேல் உயிர்ப்பொருள் ஒட்டும் அளவையும் ஒரே வரைகோட்டில் வைத்து, மீட்டருக்கு 20 முதல் 30 மில்லிநியூட்டன் வரையுள்ள பரப்புகளில் ஒட்டுதல் மிகக் குறைவென்று காட்டினார். 1993-இல் தமதா, இகாதா என்னும் ஜப்பானியர், நார்த்திசு அணுக்கள் 70 பாகைக்கு அருகான தொடுகோணத்தில் அதிகமாக ஒட்டுவதாக எழுதினார்கள். வேறு சிலர் 55 பாகை என்றார்கள். மிகுந்த வெறுப்பும் ஆகாது, மிகுந்த விருப்பும் ஆகாது, நடுத்தரமே உத்தமம் என்ற இந்தச் சித்தாந்தம் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது, அளப்பதற்கும் மலிவானது. அதன் செல்வாக்குக்கு இந்த இரண்டு காரணங்களும் ஓரளவு பொறுப்பு.

இதன் குறைபாடு, விதிவிலக்குகளின் எண்ணிக்கையில் வெளிப்பட்டது. பாலிஎதிலீன் கிளைக்கால் சங்கிலிகளை நெருக்கமாக நட்ட பரப்பு தண்ணீரை நன்கு ஏற்கும், ஆனால் உயிரணுவை அநேகமாக ஏற்காது. புற ஊதாக் கதிர் பட்ட டைட்டானியம் ஆக்ஸைடும் தண்ணீரை முழுவதும் ஏற்கும், எலும்பணுவையும் விரும்பி ஏற்கும். ஒரே தொடுகோணமுள்ள இரு பரப்புகளில், ஒன்றில் அமீன் குழுவும் மற்றொன்றில் வேறொரு குழுவும் இருந்தால் விளைவு வேறாகிறது. போதாக்குறைக்கு, முன்பு சொன்ன ஒளிரும் வாயுவில் (பிளாஸ்மாவில்) சிகிச்சை பெற்ற பிளாஸ்டிக் அந்நிலையிலேயே நிற்பதில்லை. மேலே வந்த ஆக்ஸிஜன் குழுக்கள் சங்கிலியோடு திரும்பி உள்ளே ஒளிந்துகொள்ள, சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய நீர்வெறுப்பு மெல்லத் திரும்புகிறது. தொடுகோணம் ஒரு நோய்க்குறி. நோய் இன்னதென்று அது சொல்லிவிடாது.

இடையில் நிற்கும் புரதம்

லியோ வ்ரோமன் இரத்தவியல் அறிஞர். டச்சு மொழியில் பேர்பெற்ற கவிஞருங்கூட. 1962-இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து வளர்ந்த கண்டுபிடிப்பு இத்துறையின் போக்கையே திருப்பியது. இரத்தத்தில் உள்ள புரதங்கள் பரப்பின் மேல் ஒரே தரம் படிந்து நின்றுவிடுவதில்லை. ஏராளமாகவும் வேகமாகவும் வருவது முதலில் இடம்பிடிக்கிறது, பிறகு பிடிப்பு மிகுந்த மற்றொன்று அதைத் தள்ளிவிட்டு உட்காருகிறது, அதையும் இன்னொன்று வந்து பெயர்க்கிறது. எங்கள் திருச்சிப் பக்கத்துப் பாசஞ்சர் ரயிலில் இடம்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இதன் பொருள், உயிரணு வந்து சேரும்போது மூலப்பொருளை அது தொடுவதே இல்லை என்பதுதான். அது தொடுவது புரதப் படலத்தை; அந்தப் படலத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் கீழே உள்ள ரசாயனம் நிர்ணயிக்கிறது. சிகிச்சை பெற்ற பாலிஸ்டைரீன் பலித்ததற்கு, ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற ஒட்டுப்புரதங்கள் அதில் செயல்படத்தக்க வடிவத்தில் நின்றதே காரணமென்று இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

இதிலிருந்து அடுத்த விடை இயல்பாகவே வந்தது. 1984-இல் பியர்ஷ்பாகர், ரூஸ்லாட்டி இருவரும் ஃபைப்ரோநெக்டின் என்ற பெரிய மூலக்கூற்றில் உயிரணு பற்றுகின்ற இடம் ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசையே என்று காட்டினார்கள். அப்படியானால் முழுப் புரதம் எதற்கு? அந்தச் சிறு வரிசையைச் செய்து பரப்பில் நட்டால் போதாதா? இந்தக் கேள்வியின் பின்னால் இருபது ஆண்டு ஆராய்ச்சி ஓடியது. எவ்வளவு நெருக்கமாக நடவேண்டும் என்பதையும் அளந்தார்கள். 2004-இல் ஜெர்மனியில் தங்கத் துகள்களின் மேல் ஒவ்வொன்றாக இந்தப் பிடிப்பிடங்களை வைத்துப் பார்த்ததில், இடைவெளி 58 நானோமீட்டராக இருந்தால் அணு நன்றாகப் பரவியது, 73 ஆனதும் தடுமாறியது. ஆனால் தட்டில் கிடைத்த இந்த நேர்த்தி உடலுக்குள் அதே அளவில் கிடைக்கவில்லை. அந்த மூன்று அமிலங்களின் மூன்றெழுத்து வரிசையைப் பற்றும் இன்டெக்ரின் என்னும் ஏற்புப் புரதங்கள் பல வகை அணுக்களிடம் உள்ளன. ஆகவே எலும்பணுவை அழைத்த பரப்பு மற்றவர்களையும் சேர்த்தே அழைத்தது.

இங்கே திருச்சிராப்பள்ளிக்கு ஒரு நேரடியான உறவு உண்டு. மலைக்கோட்டை அடிவாரத்துத் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1942-இல் பட்டம் பெற்ற கோ. நா. இராமச்சந்திரன், பெங்களூரில் (ஸ்ரீரங்கத் தீவின் திருவானைக்காவலில் பிறந்த) சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார். தோல், எலும்பு, தசைநாண் என்று உடலில் உயிரணுக்கள் இயற்கையாகக் கால் ஊன்றும் தரையில் பெரும்பங்கு கொலாஜன்தான். அதில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதனாலேயே அந்த முறுக்கு நெருங்கி அமைய முடிகிறது. 1955-இல் கிரிக், ரிச் இருவரும் விவரங்களில் திருத்தம் கூறினார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

மேற்பரப்பு ஆராய்ச்சியில் அந்த முறுக்கின் விசேஷம் மிகப் பின்னால் வெளிப்பட்டது. கொலாஜனைப் பற்றும் முக்கியமான இன்டெக்ரின்கள் தேடுவது மூன்றெழுத்து வரிசையை அன்று; ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட வேறொரு வரிசையை. அதுவும் மூன்று சங்கிலிகள் முறுக்கிய நிலையில் இருந்தால்தான் கைகொடுக்கும். கொலாஜனைச் சூடாக்கி ஜெலட்டினாக்கினால் முறுக்கு அவிழ்ந்து அந்த இடம் மறைகிறது. முன்பு ஒளிந்திருந்த மூன்றெழுத்து வரிசை வெளியே தெரிகிறது. ஒரே புரதம், ஒரே சேர்மானம், ஆனால் உயிரணுவுக்கு இரண்டு வேறு தரைகள். ஆகவே புரதத்தின் சிறு துண்டே போதும் என்றவர்களுக்கும், முழு இயற்கைத் தரையே வேண்டும் என்றவர்களுக்கும் இடையே உள்ள வழக்கில், வடிவத்தைக் காப்பாற்ற முடிந்த இடங்களில் இரண்டாம் கட்சிக்கு வலு அதிகம் என்று தோன்றுகிறது. செலவும் கிருமிநீக்கமும் அவர்களுக்குப் பாதகம். கதிரும் வெப்பமும் பட்டால் கொலாஜன் எளிதில் சீர்குலைகிறது.

மேடு பள்ளமும் இறுக்கமும்

வேதியியலாரின் இந்த விவாதம் ஒருபுறம் நடக்க, உலோகத்தை உடலில் பதித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஸ்வீடனில் பிரனேமார்க் 1952-இல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிட்டதைக் கவனித்து, 1965-இல் மனிதரின் தாடையில் முதன்முறையாகப் பதித்தார். பின்வந்தவர்கள் மணல் வீசியும் அமிலத்தில் அரித்தும் அதே உலோகத்தைச் சொரசொரப்பாக்க, எலும்பின் பிடிப்பு கூடிற்று. 1 முதல் 2 மைக்ரான் வரையான சொரசொரப்பே ஏற்றதென்ற கருத்து பல் வைத்தியத்தில் இன்றும் செல்வாக்குடையது. செயற்கை வைரக் கற்களைப் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர் திருச்சி. அந்தத் தொழிலில் ஸிர்கோனியா கல்லுக்கு மதிப்பு அதன் வழவழப்பில். அதே ஸிர்கோனியாவை எலும்பில் பதிப்பவருக்கு அந்த வழவழப்பே விரோதி.

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் உலோகவியல் துறையினர் 2010-களில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இந்த மரபைச் சேர்ந்தவை. டைட்டானியம் அல்லது ஸிர்கோனியம் தகட்டைக் கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலில் அமிழ்த்தி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், தகட்டின் மேல் எண்ணற்ற சிறு பொறிகள் ஓடி ஓடி வெடிக்கின்றன. வெடித்த இடமெல்லாம் உருகி உறைந்து, எரிமலை வாய் போன்ற நுண்துளைகள் நிறைந்த ஆக்ஸைடு அடுக்கு ஒன்று உலோகத்திலிருந்தே வளர்கிறது. அதனுள் எலும்பின் தாதுவாகிய ஹைட்ராக்ஸிஅபடைட்டும் சேர்ந்து அமைகிறது. மேலே ஒட்டிய பூச்சு உரிந்துவிடும் என்ற பழைய குறை இதில் குறைவு. மேடு பள்ளமும் ரசாயனமும் ஒரே செயலில் கிடைப்பது இம்முறையின் பலம். அதுவே ஆராய்ச்சிக்கு இடைஞ்சலும் ஆகிறது: அணு நன்றாக வளர்ந்தால் துளை காரணமா, தாது காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இத்தகைய பூச்சுகளை, உடல்திரவத்தின் உப்புகளை ஒத்த கரைசலில் ஊறவைத்து, அபடைட் படிகிறதா என்று பார்க்கும் சோதனை எங்கும் வழக்கத்தில் இருக்கிறது. புரதமே இல்லாத அந்தக் கரைசல் எலும்பின் நடத்தையை எவ்வளவு தூரம் முன்னறிவிக்கும் என்று 2009-இல் போனர், லெமைட்ர் இருவரும் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதே.

நுண்மையான வடிவங்களைப் பற்றிய பரிசோதனைகளில் மிகவும் பேசப்பட்டது 2007-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 120 நானோமீட்டர் அகலமுள்ள குழிகளை ஒழுங்கான சதுர வரிசையில் அமைத்தால், வேறு வகை அணுக்களாக மாறவல்ல குருத்தணுக்கள் சும்மா இருந்தன. அவ்வரிசையைச் சற்றே கலைத்துக் குழிகளை 50 நானோமீட்டர் வரை தள்ளி வைத்தால், மருந்து எதுவும் சேர்க்காமலே எலும்பணுக்களாக மாறத் தொடங்கின. கொஞ்சம் ஒழுங்கின்மையை அணு ஏன் விரும்ப வேண்டும் என்பதற்கு நிறைவான விளக்கம் கிடைத்துவிட்டதாகச் சொல்வது துணிச்சல். திருச்சி–தஞ்சை சாலையிலுள்ள திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் ஒரே திசையில் அடுக்கிய, மின்சாரம் கடத்தும் நுண்ணிழைகளை நரம்புத் திசுவுக்காகச் செய்து 2012-இல் வெளியிட்டார்கள். ஹாரிசனின் சிலந்தி நூல் நூறாண்டுக்குப் பின் பாலிமர் நூலாகி வந்திருக்கிறது.

முன்பு சொன்ன திருத்தம் இனி. 2006-இல் எங்லரும் கூட்டாளிகளும் ஒரே புரதம் பூசிய ஜெல்களின் இறுக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மூளையைப் போல் 1 கிலோபாஸ்கலுக்கு உட்பட்ட மென்மையில் குருத்தணு நரம்பின் சாயலையும், 8 முதல் 17 வரை தசையின் சாயலையும், 25 முதல் 40 வரை எலும்பின் சாயலையும் கொண்டது. நானோமீட்டர் கணக்கில் உள்ள மேற்பரப்பைத் தாண்டி, கீழே மைக்ரான் ஆழத்தில் உள்ள நெகிழ்ச்சியையும் அணு இழுத்துப் பார்த்து அறிகிறது என்று இதற்குப் பொருள். நடவுக்கு முன் சேற்றில் காலை வைத்துப் பதம் பார்க்கும் உழவனுக்கு இது வியப்பாக இராது. ஆனால் 2012-இல் டிராப்மனும் பிறரும், அணு உணர்ந்தது ஜெல்லின் இறுக்கத்தை அன்று, கொலாஜன் அதில் எத்தனை இடத்தில் கட்டப்பட்டிருந்தது என்பதையே என்று வாதித்தார்கள். 2014-இல் எதிர்ப்பரிசோதனை வந்து முதற்கருத்துக்கு வலுவூட்டியது. இறுக்கம் ஒரு காரணம் என்பது இன்று பெரும்பாலோர் கட்சி. அது தனிக் காரணம் என்பாரைக் காண்பது அரிது.

எந்த உயிரணுவுக்கு வரவேற்பு?

இவ்வளவு நேரமும் உயிரணு வளர்வதே நன்மை என்று வைத்துக்கொண்டு பேசினோம். அதுவே இத்துறையின் மிகப் பெரிய அவசரக் கருத்தாக இருக்கலாம். தூய வளனார் கல்லூரியின் மற்றொரு மாணவர் அப்துல் கலாம். 1990-களில் ஐதராபாத்தின் இருதய மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து மலிவான இருதய ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் கம்பி வலை) ஒன்றை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. வெறும் உலோக ஸ்டென்டுகளில் வந்த தொல்லை, உயிரணு வளராதது அன்று. தசையணுக்கள் மிதமிஞ்சி வளர்ந்து குழாயை மீண்டும் அடைத்தது. அதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்டுகள் வந்தன. அந்த மருந்து குழாயின் உட்புறத்தை மூடவேண்டிய அணுக்களையும் தடுத்ததனால், மாதங்கள் கழித்து இரத்தம் உறையும் அபாயத்தைப் பற்றி 2006-இல் பெரும் விவாதம் எழுந்தது. ஒரு வகை அணு வேண்டும், பக்கத்திலிருக்கும் இன்னொன்று வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் பரப்பு இன்னும் நம்பகமாகக் கைவரவில்லை.

வேண்டாத விருந்தாளிகளில் கிருமிகளும் உண்டு. 1987-இல் அந்தோணி கிரிஸ்டினா, பதித்த பொருளின் மேல் உடலின் அணுவும் பாக்டீரியாவும் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன என்று விவரித்தார்; முந்திக்கொண்டவர்க்கே நிலம். சொரசொரப்பும் ஒட்டுப்புரதமும் இரு தரப்புக்கும் உதவுகின்றன. திருச்சி ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பூச்சில் வெள்ளியைச் சேர்த்துப் பார்த்தது இதற்காகத்தான். வெள்ளியின் அளவு சற்று மிகுந்தால் எலும்பணுவுக்கும் அது நஞ்சு என்பது அந்த வழியில் உள்ள இடறல். ஒட்டவைப்பதைப் போல் விடுவிப்பதும் தேவை என்று உணர்ந்தவர் ஜப்பானின் ஒகானோ. 32 பாகை செல்சியஸுக்கு மேல் அணுக்களைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே குளிர்ந்தால் கைவிடும் பாலிமரைத் தட்டில் நட்டு, வளர்ந்த அணுக்களை நொதியம் எதுவும் இல்லாமல் முழுத் தாளாக உரித்தெடுத்தார். கண்ணின் கருவிழிக்கு அத்தாள் மனிதரிடம் பயன்பட்டது. பேரார்ப்பாட்டமின்றி நோயாளியிடம் சென்று சேர்ந்த வெற்றிகளில் இது ஒன்று.

தீராதவை

மேற்கூறிய விடைகளில் எதுவும் பொய்யென்று தள்ளப்படவில்லை; ஒவ்வொன்றும் தன் பரிசோதனையின் எல்லைக்குள் மெய்யாகவே நிற்கிறது. அந்த எல்லை பெரும்பாலும் ஒரு தட்டும், கன்றின் சீரம் பத்துச் சதவீதம் கலந்த ஊடகமும், சில நாட்களுமே. நோயாளியின் இரத்தத்தில் புரதங்களின் விகிதம் வேறு. சர்க்கரை நோயாளியிடம் வேறு. காயத்துக்கு வந்து பொருளைச் சோதிக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் தட்டில் இருப்பதே இல்லை. அவை பகைமை கொண்டால், எவ்வளவு நேர்த்தியான பரப்பானாலும் நார்த்திசு உறை ஒன்று சூழ்ந்து அதை ஒதுக்கிவிடும். மேக்ரோஃபேஜை எந்தப் பரப்பு சாந்தப்படுத்தும் என்பதில் தரவுகள் முரண்படுகின்றன.

இன்னொரு கேள்வி சாதாரணமாகத் தோன்றுவதால் கவனம் பெறவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படும் பரப்பு அன்று செய்தது. அறுவை மேஜைக்குப் போவது எத்திலீன் ஆக்ஸைடோ காமாக் கதிரோ பட்டு, உறையில் அடைபட்டு, பல மாதங்கள் அலமாரியில் இருந்தது. 2009-இல் ஒகாவாவின் குழுவினர் புதிதாகத் தயாரித்த டைட்டானியத்தையும் நான்கு வாரம் வைத்திருந்ததையும் ஒப்பிட்டபோது, பழையதில் எலும்பணுவின் பிடிப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் மெல்லப் படிந்ததே காரணமென்று கருதினார்கள். சித்திரை வெயிலில் மூடிய கிட்டங்கியில் கிடக்கும் பெட்டிக்கு இக்கணக்கு எப்படி மாறும் என்பதைத் திருச்சியிலேயே அறியலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு துளி நீர், அதன் கோணத்தை அளக்க ஒரு லென்ஸ், மாதம் ஒருமுறை உறையைப் பிரித்துப் பார்த்துக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொடுகோணம் நோயைச் சொல்லாது என்று முன்பு சொன்னது மெய்தான். ஆனால் பரப்பு மாறிவிட்டது என்ற மட்டில் சொல்லும்.